மூன்று மழலையரும் ஒரு மோட்டார் வண்டியும்

இரண்டு குழந்தைகள் உள்ள இல்லத்திற்குக் கார் வாங்குவது அரிய செயலன்று. விற்பனையாளர் காட்டும் வண்டி எதுவாயினும் பின்னிருக்கையின் இரு ஓரங்களிலும் இரண்டு குழந்தை இருக்கைகளைப் பொருத்திவிடலாம். மூன்றாவது குழந்தை பிறந்தவுடனே அந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடுகிறது. "இனிப் பெரிய வண்டிதான்" என்று உற்றாரும் அண்டை வீட்டாரும் ஒரே குரலில் கூறுவர். குடும்பத் தலைவரும் தாம் விரும்பி ஓட்டிய சிறு காரை விற்றுவிட்டு, ஓட்டுவதில் யாதொரு சுவையுமில்லாத நெடிய வண்டியொன்றை வாங்கி, அதன் மாதத் தவணையையும் தலைமேல் ஏற்றிக்கொள்வார். அவ்வாறு வாங்கிய பெரிய வண்டியிலும் மூன்று இருக்கைகள் ஒரே வரிசையில் அமையாமற் போவதுண்டு. இதைப் பலர் அறியாதிருப்பதாலேயே இக்கட்டுரையை எழுதலானேன்.

நான் இரயில்வேயின் சரக்கு அலுவலகமொன்றில் எழுத்தராக இருப்பவன். மோட்டார்ப் பொறியியல் பயின்றவனல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு என் கல்வி நின்றது. ஆயினும், ஒரு பொருளின் அளவையும் அது ஏறவேண்டிய இடத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் அன்றாடத் தொழில். அளவு மீறிய சரக்கை நாங்கள் 'ஓ.டி.சி.' என்போம். அத்தகைய சரக்கு வந்தால், அதை அனுப்புகின்ற நிறுவனத்தின் பெருமையைக் கேட்டு எவரும் அனுமதி எழுதுவதில்லை. அளவு நாடாவை நீட்டிய பிறகே எழுதுவர். கார் வாங்கும்போது மட்டும் நாம் நாடாவை மறந்து பெயரையும் பளபளப்பையும் பார்க்கின்றோம். என் இல்லத்திலும் மூவர் உளர்: மூத்தவனுக்கு ஏழு வயது, நடுப்பெண்ணுக்கு மூன்று, கைக்குழந்தைக்கு எட்டு மாதம். ஆகவே இக்கணக்கை ஏட்டளவில் மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

முதலில், குழந்தைக்குத் தனி இருக்கை எதற்கு என்று வினவும் பெரியவர்களுக்கு ஒரு சொல். நாமெல்லாம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சியில் அன்னையின் மடிமீதமர்ந்தே வளர்ந்தோம். அந்த டாக்சிகள் 2023 அக்டோபரோடு மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் விடைபெறவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதினால், உள்ளே கட்டுண்டிராத உயிருக்கு அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். வண்டி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் நிற்குமாயின், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் 140 கிலோ மூட்டையைப் போல முன்னோக்கி இழுக்கும். எந்தத் தாயின் கரமும் அதைத் தாங்காது. பின்னிருக்கை தானாகவே காக்கும் என்பதும் வெறும் நம்பிக்கையே. டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தபோது, உயர்ந்த விலையுள்ள வண்டியின் பின்னிருக்கையில் வார் அணியாமலே அமர்ந்திருந்தார். சட்டமும் இதைக் கூறுகின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194-பி பிரிவின்படி, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை வாராலோ குழந்தை இருக்கையாலோ பிணிக்காமல் ஏற்றிச் செல்வோருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். தண்டத்தொகை சிறிதென்பதாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை போலும்.

இனி, மூன்று குழந்தைகளின் தந்தைக்கு ஓட்டும் இன்பம் எதற்கு என்று ஒரு கேள்வி எழும். ஆறு நாள் உள்ளூர் இரயிலில் நசுங்கிச் சென்று வருபவன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தன் கையால் வண்டியைச் செலுத்தி மகிழ்வதில் குற்றமென்ன? மேலும், இன்பம் என்று நான் குறிப்பது வேகத்தையன்று. ஸ்டியரிங்கைத் திருப்பினால் திருப்பிய அளவே திரும்பும் வண்டி; கியர் தயக்கமின்றி விழும் வண்டி; கண்டாலா மலைப்பாதையின் வளைவில் ஒரு புறம் சாயாமல் நிலத்தைப் பற்றிச் செல்லும் வண்டி; குடும்பமும் மூட்டையும் ஏறிய பின்னும் மேட்டில் மூச்சு வாங்காத வண்டி. இவை அனைத்தும் ஓட்டுபவனுக்கு மட்டும் உரியனவல்ல. உடல் ஆடாமல் வளையும் வண்டியில் பின்னே அமர்ந்த பிள்ளைகளின் வயிறும் அமைதியாக இருக்கும். மலை ஏறும்போது நடுப்பெண் மூன்று முறை வாந்தி எடுத்த வண்டியையும் எடுக்காத வண்டியையும் என் இல்லாள் அறிவாள். அவளிடம் பொறியியல் விளக்கம் தேவையில்லை.

இப்போது முக்கியமான இடத்திற்கு வருவோம். பெரிய வண்டி அகலமான வண்டி என்று யாவரும் கருதுகின்றனர். மாருதி ஸ்விஃப்ட் சிறு கார்; ஐவர் அமர்வது. அதே நிறுவனத்தின் எர்டிகா எழுவர் அமரும் குடும்ப வண்டி. முன்னதன் அகலம் 1735 மில்லிமீட்டர். பின்னதன் அகலமும் அதே 1735 மில்லிமீட்டர்! நீளத்திலும் உயரத்திலுந்தான் வேற்றுமை. நம் அகல இரயில் பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தொலைவே 1676 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால், இவ்விரு வண்டிகளும் தண்டவாளத்தைவிட நான்கு விரற்கடை கூட அகன்றவையல்ல என்பது விளங்கும். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகிய செடான்கள் 1752. ஹோண்டா சிட்டி 1748. ஹூண்டாய் வெர்னா 1765. கியா கேரன்ஸ் 1800. இன்னோவா கிரிஸ்டா 1830. ஸ்விஃப்ட்டுக்கும் இன்னோவாவுக்கும் உள்ள வேற்றுமை 95 மில்லிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். அதிலும் கதவின் தடிப்பும் கைத்தாங்கியும் ஒரு பங்கை விழுங்கிவிடும். கூடுதலாகச் செலுத்தும் இலட்சங்களுக்கு இந்த வகையில் கிடைப்பது அவ்வளவே.

ஆகவே மூன்று இருக்கைச் சிக்கலைத் தீர்ப்பது பெரும்பாலும் வண்டியன்று, இருக்கையே. வண்டியை முதலில் தேர்ந்து இருக்கையைப் பின்னர் தேடுவதே நம்மவர் வழக்கம். அதைத் தலைகீழாக மாற்றுதல் வேண்டும்.

குழந்தை இருக்கைகளில் சில 50 செ.மீ. வரை பருத்திருக்கும், பக்கத்தில் குவளை வைக்கும் கிண்ணமும் சிறகும் நீட்டிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவின் 'ஆர் 129' விதியில் 'ஐ-சைஸ்' என்று முத்திரை பெறுபவை 44 செ.மீ. அகலத்திற்கு மேற்படக் கூடாது. அமெரிக்காவில் டயோனோ நிறுவனம் மூன்றை வரிசையாக வைப்பதற்கென்றே 43 செ.மீ. அகலத்தில் ஒரு வகை செய்தது. மூன்று 44 சேர்ந்தால் 132 செ.மீ. பின்னிருக்கையில் குழந்தை இருக்கைகளின் தோள் உயரத்தில் அந்த இடம் இருக்கின்றதா என்று அளப்பதே முதல் வேலை. ஆனால் கணக்கு அவ்வளவு கடுமையானதும் அன்று. பின்னோக்கிய இருக்கையும் முன்னோக்கிய இருக்கையும் ஒரே இடத்தில் பருத்திருப்பதில்லை. ஒன்றன் பருமன் மற்றொன்றன் ஒடுக்கத்தில் பொருந்திக்கொள்ளும். கூடையில் மாம்பழம் அடுக்குவோர் தலையும் காம்பும் மாற்றி அடுக்குவதைப் போன்றது இது.

எங்கள் வீட்டு அடுக்கைக் கூறுகின்றேன். கைக்குழந்தை இடப்பக்கம், பின்னோக்கி. நம் நாட்டில் வண்டி சாலையின் இடப்புறம் நிற்பதால், தூக்கி இறக்கவேண்டிய குழந்தை நடைபாதைப் பக்கம் இருத்தல் நலம். பின்னோக்கிய இருக்கை முன்னிருக்கையைத் தள்ளும் இயல்புடையது. இடப்பக்கம் வைத்தால் ஓட்டுபவன் காலை மடக்கிக்கொண்டு அவதியுற வேண்டியதில்லை. பதினைந்து மாதம் நிரம்பும் முன் எக்குழந்தையையும் முன்னோக்கி அமர்த்தலாகாது என்பது அந்த ஐரோப்பிய விதி. அதன் பின்னும் கூடிய மட்டும் பின்னோக்கியே வைப்பது மேல். நடுவில் மூன்று வயதுப் பெண், முன்னோக்கிய ஒடுங்கிய இருக்கையில், ஐந்து முனை வாரோடு. வலப்பக்கம் மூத்தவன், உயர்த்தும் இருக்கையில், வண்டியின் வாரையே அணிந்து. அவன் இறங்குவது போக்குவரத்துப் பக்கம் ஆதலின், கதவைப் பெரியவர் திறந்த பின்னரே இறங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்குக் கதவின் குழந்தைப் பூட்டு துணை.

இவ்வமைப்பில் எல்லாம் பொருந்திய பின்னும் ஓரிடம் எஞ்சும். அதுவே பலரைத் தோற்கடிக்கின்றது. மூத்தவனின் வார்ப்பூட்டு அவனுக்கும் நடு இருக்கைக்கும் இடையே இருக்கும். அங்கே ஒரு சிறுவனின் கை நுழைய இடமில்லையேல், நாள்தோறும் காலையில் தந்தை முழந்தாளிட்டு அப்பூட்டைத் தேட வேண்டும். சில வாரங்களில் "இன்று மட்டும் வேண்டாம்" என்ற சொல் வீட்டில் பிறந்துவிடும். வார்ப்பூட்டு கெட்டியான தண்டின்மேல் நிமிர்ந்து நிற்கின்றதா, மெத்தையில் புதைந்து கிடக்கின்றதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்பதே நமக்கு வேண்டும்.

ஐசோஃபிக்ஸ் என்னும் இரும்புக் கொக்கிகளைப் பற்றி விற்பனையாளர் பெருமையாகக் கூறுவர். இருக்கையைப் பிழையின்றிப் பொருத்துவதற்கு அவை மிக நல்லவை. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அவை இரு ஓரங்களுக்கு மட்டுமே உள்ளன, நடுவிற்கு இல்லை. அன்றியும், கொக்கி இருக்குமிடத்தில்தான் இருக்கை நிற்கும். ஓர் அங்குலம் கதவுப்பக்கம் நகர்த்தவும் இயலாது. வாரினால் கட்டக்கூடிய இருக்கையாயின் சிறிது நகர்த்தி இடம் காணலாம். மூன்றை வரிசையாக வைக்க விரும்புவோர் இரு முறையிலும் பொருந்தும் இருக்கைகளை வாங்குவதே அறிவுடைமை. எம்முறையாயினும், வார் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையலாகாது. நடுவிடத்திற்கு மூன்று முனை வார் உண்டா என்பதை மறவாது பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் நடுவே இடுப்பு வார் மட்டுமே இருக்கும். உயர்த்தும் இருக்கையில் அமரும் பிள்ளைக்கு அது அறவே உதவாது. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை வைப்பது உயிருக்கே தீங்கு என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றேன்.

"மூன்றாம் வரிசை இருக்கையில் ஒருவனை அனுப்பிவிட்டால் இத்தனை தொல்லை ஏன்?" என்பது நியாயமான கேள்வி. மூவரும் நான்கு வயதிற்குட்பட்டவராயின், அல்லது இரட்டைக் குழந்தைகளோடு மற்றொன்று இருக்குமாயின், ஏழு இருக்கை வண்டியே வழி, அதில் ஐயமில்லை. ஆனால் மூன்றாம் வரிசைக்குச் செல்ல இரண்டாம் வரிசை இருக்கையை மடக்க வேண்டும். அதன்மேல் குழந்தை இருக்கை கட்டப்பட்டிருந்தால் மடங்காது. எனவே மடங்கும் பக்கத்தை வெறுமையாக விடவேண்டும். அடுத்தது மூட்டைச் சங்கதி. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கையில் எர்டிகாவின் டிக்கியில் எஞ்சுவது 209 லிட்டர், கேரன்ஸில் 216, ரெனோ ட்ரைபரில் வெறும் 84. விர்ட்டஸ், ஸ்லாவியா செடான்களில் 521. தள்ளுவண்டியும், பால்புட்டிப் பையும், ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியும் எங்கே செல்லும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓட்டும் சுவையில் இவ்வண்டிகளை நான் எப்படி மதிப்பிடுகின்றேன்? 2022இல் வந்த ஸ்லாவியா, விர்ட்டஸ் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. சிறிய ஒரு லிட்டர் டர்போ எஞ்சினே 115 குதிரைத் திறன் தருகின்றது, பெரியது 150. நிலத்தோடு ஒட்டிய அவற்றின் நடை மலைப்பாதையில் மனத்தைக் கவரும். வெர்னாவின் டர்போ எஞ்சின் 160 தருவது. சிட்டியின் 121 ஆரவாரமின்றி உழைப்பது. எழுவர் வண்டிகளில், அதே 160 குதிரைத் திறன் கொண்ட டர்போ கேரன்ஸ்தான் ஓட்டுபவனையும் நினைத்துச் செய்யப்பட்டதாக எனக்குத் தோன்றுகின்றது. எர்டிகா 103 குதிரைத் திறனோடு நேர்மையாக உழைக்கும் வண்டி. அதனிடம் இன்பத்தை எதிர்பார்ப்பது, தலைமை எழுத்தரிடம் நகைச்சுவையை எதிர்பார்ப்பது போன்றதாகும். ட்ரைபரின் 72 குதிரைகள் நகரத்திற்குப் போதும். எழுவரையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறச் சொல்வது இரக்கமற்ற செயல். மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 வலிமையும் அகலமும் உடையதுதான். ஆனால் 1890 மில்லிமீட்டர் அகலத்தை நம் பழைய கட்டடங்களின் முற்றத்தில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து குழந்தையை எடுப்பது எப்படி என்பதை நிறுத்துமிடத்தைப் பார்த்து முடிவு செய்க.

இத்தாலியர் ஒருமுறை இச்சிக்கலை வேரோடு பிடுங்க முயன்றனர். 1998இல் வந்த ஃபியட் மல்டிப்லாவில் முன்னே மூவர், பின்னே மூவர். நீளமோ நான்கு மீட்டருக்குள். அகலத்தை மட்டும் 1.87 மீட்டராக்கினர். அதன் முகத்தைக் கண்டு உலகம் நகைத்தது. நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகமோ 1999இல் அதைக் காட்சிக்கு வைத்தது. என் கண்ணுக்கு அது அழகாகவே தோன்றுகின்றது.

இது வெறும் வசதிப் பிரச்சினை என்று எண்ணுவோருக்கு அமெரிக்கச் செய்தி ஒன்று. ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சாலமன் என்னும் இரு ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழந்தை இருக்கையில் அமர்த்தவேண்டிய வயது வரம்பைப் பல மாநிலங்கள் உயர்த்தியதால், மூன்றாவது குழந்தையைப் பெறத் தயங்கிய குடும்பங்கள் உண்டு என்பது அவர்கள் முடிபு. 2017ஆம் ஆண்டில் மட்டும் அச்சட்டங்கள் 57 குழந்தைகளை விபத்துச் சாவிலிருந்து காத்தன என்றும், ஏறத்தாழ 8000 பிறப்புகள் குறைந்தன என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். காரணம், மூன்று இருக்கைகள் சாதாரணக் காரில் அமையாமையே. பின்னிருக்கையின் சில அங்குலம் ஒரு குடும்பத்தின் உருவையே தீர்மானிக்கிறதென்றால், அந்த அங்குலத்தை அளக்கச் சோம்பலாமா?

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிற்கென்றே 'பாரத் என்கேப்' மோதல் சோதனை நடைபெறுகின்றது. அதில் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியே 49 மதிப்பெண் உண்டு. வாங்குமுன் அதைப் பாருங்கள். ஆனால் சோதனையில் அமர்த்தப்படுபவை ஒன்றரை வயது, மூன்று வயது உருவங்கள் இரண்டே. மூன்றாவது குழந்தைக்கு இடமுண்டா என்பதை எந்த நட்சத்திரமும் கூறாது.

காட்சியகத்திற்குச் செல்லும்போது குழந்தை இருக்கைகள் மூன்றையும் உடன் கொண்டு செல்லுங்கள். நாங்கள் ஓரிடத்திற்கு அவ்வாறு சென்றபோது, அங்கிருந்த இளைஞர், "மூன்றுக்கும் இருக்கையா? சின்னதை அம்மா மடியில் வைத்துக்கொள்ளட்டுமே!" என்றார். என் இல்லாள் அவருக்கு விடை கூறாமல் வார்ப்பூட்டைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வேறோர் இடத்தில் பொறுமையோடு ஒரு மணி நேரம் உதவினர். புதுக் கார் வாங்க என் ஊதியம் இடந்தரவில்லை; நான்காண்டு ஓடிய செடான் ஒன்றை வாங்கினோம். எந்த வண்டியென்று கூறமாட்டேன். கூறினால் பெயரைப் பார்த்து வாங்குவீர்கள். எங்கள் மூன்றும் அமைந்த வண்டியில் உங்கள் மூன்று அமையாமற் போகலாம். ஆனால் ஒன்று: கார் பழையதாயிருக்கலாம், குழந்தை இருக்கை பழையதாய் இருத்தலாகாது. முன்னர் அது எவ்விபத்தில் சிக்கியது என்பதை வெளித்தோற்றம் காட்டாது. காரில் மிச்சம் பிடித்த தொகையில் ஒரு பகுதியை ஒடுங்கிய நல்ல இருக்கைகளுக்குச் செலவிட்டோம்.

மூன்று இருக்கைகளையும் சுமந்து செல்ல இயலாதவர்களுக்காக, 44 செ.மீ. அகலத்தில் தடித்த அட்டையால் மூன்று மாதிரிகள் வெட்டி, நம் சங்கத்தின் படிப்பறையில் அலமாரிக்கு மேல் வைத்துள்ளேன். ஒன்றில் தோள் உயரமும் வார்ப்பூட்டின் இடமும் குறிக்கப்பட்டுள்ளன. வேண்டுவோர் பதிவேட்டில் பெயரெழுதி எடுத்துச் சென்று, அடுத்த ஞாயிறு மாலைக்குள் திருப்பி வைக்கக் கோருகின்றேன். மழையில் நனைக்க வேண்டாம்.